வாத்தியார் பதில்கள்: விசை, மின்னூட்டம், மின்சுற்று

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் குணமே மாறிவிடும். மைக்ரோவேவ் அடுப்பு உடம்புக்குக் கெடுதலா, நிலா ஏன் பகலில் தெரிகிறது என்று கேட்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வான ஓ லெவல் எழுதும் மாணவர்களும் அவர்களைவிடப் பதற்றமாக இருக்கும் பெற்றோர்களும் முன்னால் வந்து நிற்பார்கள். பள்ளிகளில் முன்னோட்டத் தேர்வு நெருங்குகிறது, சரி. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. கருந்துளை பற்றிக் கேட்ட செங்காங் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கருந்துளை எங்கும் போய்விடாது.

ஒரு குறையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்பிய விடைத்தாள்களில் பாதிக்கு மேல் படமே இல்லை. கேள்வியைப் படித்த கையோடு சூத்திரம், அதற்குள் எண்கள், கீழே இரண்டு கோடு போட்டு விடை. எந்தப் பொருள் மேல் செயல்படும் விசை, எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வோல்ட் என்று யாரும் எழுதவில்லை. கால்குலேட்டருக்கு வெட்கம் கிடையாது, எதைக் கொடுத்தாலும் பெருக்கித் தரும்.

கேள்வி: மின்தூக்கிக்குள் எடைக்கருவி மேல் 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நிற்கிறார். மின்தூக்கி மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1 மீட்டர் வீதம் குறைகிறது. கருவி என்ன விசையைக் காட்டும்? நான் 550 நியூட்டன் என்று எழுதினேன். விடை 450 என்று இருக்கிறது. மேலே போகும்போது கூடத்தானே வேண்டும், சார்?
— உயர்நிலை நான்கு மாணவர், பொங்கோல்

தம்பி, மின்தூக்கி எந்தப் பக்கம் போகிறது என்பது இந்தக் கணக்குக்கு அரை விவரம்தான். வேகம் எப்படி மாறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே போய்க்கொண்டே வேகம் குறைகிறது என்றால் முடுக்கம் கீழ்நோக்கி இருக்கிறது. முடுக்கம் கீழ்நோக்கி என்றால் நிகர விசையும் கீழ்நோக்கி. இதை எழுதிவிட்டால் மீதி வெறும் கழித்தல்.

இப்போது ஆளை மட்டும் தனியாக வரை. மின்தூக்கி வேண்டாம், அதன் கம்பி வேண்டாம், கருவிகூட வேண்டாம். ஆள் மேல் செயல்படும் விசைகள் இரண்டே. பூமி அவரைக் கீழே இழுப்பது 50 பெருக்கல் 10, அதாவது 500 நியூட்டன். கருவி அவர் பாதங்களை மேலே தள்ளுவது எவ்வளவு என்பதுதான் கேள்வி. நிகர விசை 50 பெருக்கல் 1, அதாவது 50 நியூட்டன், கீழ்நோக்கி. 500-இலிருந்து எதைக் கழித்தால் 50 வரும்? 450. அவருடைய எடை இப்போதும் 500 நியூட்டன்தான், பூமி தன் பிடியைத் தளர்த்தவில்லை. கருவிக்குத் தெரிவதெல்லாம் பாதம் தன்னை எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் குளியலறை எடைக்கருவியைத் தூக்கிக்கொண்டு உன் புளோக் மின்தூக்கியில் ஏறு. பழைய முள் வகை நல்லது. மின்னணுக் கருவிகள் சில, ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அசைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கீழ்த்தளத்திலிருந்து கிளம்பும்போது முள் சற்று ஏறும். நடுமாடிகளில் சீரான வேகத்தில் போகையில் உன் வழக்கமான எடைக்குத் திரும்பும். மேல்மாடி நெருங்கி நிற்கப் போகும்போது இறங்கும். இறங்கிவரும்போது முதலில் குறையும், கடைசியில் கூடும். என் அங் மோ கியோ புளோக்கில் பேரனோடு இதைச் செய்துகொண்டிருந்தபோது, நடுவில் ஏறிய சீனப் பாட்டி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் ஏறி நின்று எடை பார்த்துக்கொண்டு போனார்.

இன்னொரு விஷயம். உன் தாளின் ஓரத்தில் ‘எடையும் எதிர்விசையும் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சமம்’ என்று எழுதியிருக்கிறாய். தேர்வில் இதை எழுதிவிடாதே. மூன்றாம் விதி சொல்லும் இணை ஒருபோதும் ஒரே பொருள் மேல் இருக்காது. பூமி உன்னை இழுக்கிறதா? அதன் இணை, நீ பூமியை இழுப்பது. கருவி உன்னைத் தள்ளுகிறதா? அதன் இணை, நீ கருவியைத் தள்ளுவது. எடை, எதிர்விசை (அதாவது கருவி உன்னைத் தள்ளுவது) இரண்டும் உன் மேலேயே செயல்படுபவை. நீ அசையாமல் நிற்கும்போதும் சீரான வேகத்தில் நேராகப் போகும்போதும் மட்டும் அவை சமம், அதுவும் முதல் விதியால். இந்தக் கணக்கிலேயே ஒன்று 500, இன்னொன்று 450. வேறு சாட்சி வேண்டுமா?

கேள்வி: சாலைக்குக் குறுக்கே கட்டிய கம்பியின் நடுவில் 200 நியூட்டன் எடையுள்ள தீபாவளி அலங்கார விளக்கு தொங்குகிறது. கம்பியின் இரு பாதிகளும் கிடைமட்டத்திலிருந்து 5 பாகை சாய்ந்திருக்கின்றன. மகன் அளவுப் படம் வரைந்து இழுவிசை 1,150 நியூட்டன் என்று கண்டுபிடித்திருக்கிறான். 200 நியூட்டனை இரண்டு பக்கமும் பங்கு போட்டால் பக்கத்துக்கு 100 தானே? தப்பு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை.
— ஒரு தாய், ஈசூன்

அம்மா, முதலில் பையனுக்கு ஒரு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுங்கள். அவன் சொன்னது சரி.

நீங்கள் சொன்ன 100-உம் பொய்யில்லை. ஒவ்வொரு பாதியும் மேல்நோக்கித் தர வேண்டிய பங்கு 100 நியூட்டன்தான். ஆனால் கம்பி மேல்நோக்கியா இழுக்கிறது? கிட்டத்தட்டப் பக்கவாட்டில் இழுக்கிறது. கம்பியால் தன் நீளவாக்கில் மட்டுமே இழுக்க முடியும். அந்தப் பெரிய இழுப்பில் ஒரு சிறு பகுதிதான் விளக்கைத் தூக்கிப் பிடிக்க உதவுகிறது. மீதியெல்லாம் இடப்பக்கக் கம்பியும் வலப்பக்கக் கம்பியும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று சமனாகிப் போகிறது. 5 பாகையின் சைன் மதிப்பு சுமார் 0.0872. 100-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள், 1,147 நியூட்டன் வரும். பையன் படம் வரைந்தே 1,150-ஐத் தொட்டிருக்கிறான் என்றால் அவன் கை சுத்தமான கை.

கம்பியைத் தளர்த்திச் சாய்வை 30 பாகை ஆக்கினால் இழுவிசை 200 நியூட்டனுக்கு இறங்கிவிடும். அழகாக இருக்கட்டும் என்று விறைப்பாக இழுத்துக் கட்டக் கட்ட, சாய்வு குறையும், இழுவிசை ஏறிக்கொண்டே போகும். சாய்வே இல்லாமல் கட்ட முடியுமா? முடியாது. முழுக்கக் கிடைமட்டமான கம்பிக்கு மேல்நோக்கிய பங்கு சுழி. விளக்கை யார் தாங்குவது? தேக்கா பக்கம் போகும்போது கம்பியில் தொங்கும் எதையாவது நிமிர்ந்து பாருங்கள், நடுவில் தொய்வு இருந்தே தீரும். வீட்டில் துணிக்கொடியை வீம்புக்கு இழுத்துக் கட்டி, நனைந்த ஜீன்ஸைப் போட்டதும் சுவர் ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதும் இதே கணக்குதான்.

பையனுக்கு ஒரு சொல். ஓ லெவலில் ஒரு புள்ளியில் மூன்று விசைகள் சமநிலையில் இருக்கும் கணக்குக்கு அளவுப் படம் போதும், சைன் தேவையில்லை. ஆனால் இந்த முக்கோணம் ரொம்ப ஒடுங்கியது. பாகைமானி 1 பாகை பிசகினால் விடை எங்கோ போய்விடும்: 4 பாகைக்கு 1,434 நியூட்டன், 6 பாகைக்கு 957. அதனால் சிக்கனம் பார்க்காமல் பெரிதாக வரைய வேண்டும். 1 சென்டிமீட்டருக்கு 50 நியூட்டன் என்று வைத்தால் எடைக்கோடு 4 சென்டிமீட்டர், மற்ற இரண்டும் ஆளுக்கு 23 சென்டிமீட்டர். ஏ4 தாளைக் குறுக்காகத் திருப்பினால் கொள்ளும். ஒரு அம்பின் தலை முடிகிற இடத்தில் அடுத்த அம்பின் வால் தொடங்கி, மூன்றாவது அம்பு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். எடுத்துக்கொண்ட அளவைத் தாளில் எழுத மறந்தால் அதற்கும் ஒரு மதிப்பெண் போகும். அதைத்தான் நிறையப் பேர் விடுகிறார்கள்.

கேள்வி: எம்ஆர்டி ரயில் புறப்படும்போது என்னைப் பின்னால் தள்ளும் விசை எது?
— உயர்நிலை மூன்று மாணவி, பூன் லே

எதுவும் இல்லை. விசை என்றால் அதைக் கொடுக்கும் பொருளைக் கைநீட்டிக் காட்ட முடிய வேண்டும். உன்னைப் பின்னால் தள்ளுவது யார், காட்டு பார்க்கலாம். ரயிலின் தரை உராய்வால் உன் காலணிகளை முன்னால் கொண்டுபோகிறது; மேலுடம்பு இருந்த நிலையிலேயே இருக்கப் பார்க்கிறது. அதனால் சாய்கிறாய். கம்பியைப் பிடித்தால் அது உன் கையை முன்னால் இழுக்கிறது. படத்தில் பின்னோக்கி அம்பு போட்டுவிடாதே.

கேள்வி: புவியீர்ப்புக்கு 10 போடுவதா, 9.81 போடுவதா? பள்ளியில் ஒன்று, அண்ணனின் புத்தகத்தில் ஒன்று.
— அதே மாணவி

ஓ லெவலில் 10, ஏ லெவலில் 9.81. கேள்வித்தாளில் கொடுத்திருப்பதைப் போடு. உண்மை தெரிய வேண்டுமென்றால், நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் நம் தீவில் அது சுமார் 9.78. பூமி நடுவில் சற்றுப் புடைத்திருப்பதும் சுழல்வதும் காரணம்.

கேள்வி: இணையத்தில் பார்த்தபடி பலூனை மகள் தலையில் தேய்த்துச் சுவரில் ஒட்டினோம். ஒட்டியதும் விழுகிறது. சீப்பால் காகிதத் துண்டை இழுப்பதும் பாதி நேரம் நடக்கவில்லை. பலூனில் குறையா, தலையில் குறையா?
— ஒரு தந்தை, தெம்பனிஸ்

ஊரில் குறை. மகள் தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்று படும் பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. தேய்த்துச் சேர்த்த மின்னூட்டம் அந்தப் படலம் வழியாக நழுவிப் போய்விடுகிறது. குளிர்நாட்டுக் குளிர்காலத்தில் கதவுக் குமிழைத் தொட்டாலே சுரீரென்கிறது என்று வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் சொல்வார்கள். இங்கே அது அபூர்வம். படுக்கையறைக் கதவைச் சாத்தி ஏர்கானை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அறையைக் குளிரவைப்பதோடு காற்றிலிருந்து நீரையும் அது பிழிந்தெடுக்கிறது, வெளியே குழாயில் சொட்டுவது அந்த நீர்தான். பிறகு அதே அறையில் எண்ணெயில்லாத, நன்றாகக் காய்ந்த தலைமுடியில் தேய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் அளவுகோலும் உலர்ந்த கம்பளித் துணியும் கிடைத்தால் இன்னும் நல்லது.

மகள் இதைப் பாடத்துக்காகச் செய்தால், தேர்வில் கேட்பது வேறு: மின்னூட்டமே இல்லாத காகிதம் ஏன் இழுபடுகிறது? தேய்த்த சீப்பு எதிர்மின்னூட்டம் பெற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீப்பு கிட்டே வந்ததும் காகிதத்தின் அணுக்களுக்குள் எலெக்ட்ரான்கள் சீப்பை விட்டுச் சற்றே தள்ளிப்போகின்றன. சீப்பின் பக்கம் நேர்மின்னூட்டம் தலைகாட்டுகிறது, மறுபக்கம் எதிர்மின்னூட்டம். இரண்டும் அளவில் சமம்தான். ஆனால் நேர்மின்னூட்டம் அருகில், எதிர்மின்னூட்டம் தள்ளி. மின்விசை தூரம் கூடக் குறையும், ஆகவே இழுப்பு, தள்ளுதலை வென்றுவிடுகிறது. ‘அருகில், தள்ளி’ என்ற பகுதியை எழுதாத விடை முழுமையில்லை.

அதோடு, தேய்த்ததால் மின்னூட்டம் ‘உண்டானது’ என்று எழுத வேண்டாம். எலெக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறின, அவ்வளவே. நேர்மின்னூட்டம் நகர்ந்தது என்று எழுதினால் அதைவிட மோசம். திடப்பொருளில் புரோட்டான்கள் இருந்த இடத்தை விட்டு அசையாது.

கேள்வி: துணைப்பாட வகுப்பு இல்லாமல் ஓ லெவல் இயற்பியலில் தேற முடியுமா?
— ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

முடியும். பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பு ஒன்றும், விடைப் பக்கத்தை மறைத்து வைக்கும் நேர்மையும் போதும். நண்பனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பிள்ளை, வகுப்புக்குப் போகும் பிள்ளையைவிட அதிகம் கற்றுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். துணைப்பாட ஆசிரியர்கள் என்னைத் திட்டலாம்.

கேள்வி: 4 மைக்ரோகூலும், 1 மைக்ரோகூலும் என இரண்டு நேர்மின்னூட்டங்கள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. (அ) பெரியது சிறியதை நான்கு மடங்கு அதிக விசையோடு தள்ளுமா? (ஆ) மூன்றாவது மின்னூட்டம் ஒன்றை எங்கே வைத்தால் அதன் மேல் நிகர விசை சுழியாகும்? இரண்டாவதற்கு நான் எழுதிய இருபடிச் சமன்பாடு இரண்டு விடை தருகிறது. எதை எடுப்பது?
— தொடக்கக் கல்லூரி மாணவி, பீஷான்

முதல் கேள்விக்கு மின்தூக்கித் தம்பிக்குச் சொன்ன மூன்றாம் விதியே பதில். பெரியது சிறியதைத் தள்ளுவதும் சிறியது பெரியதைத் தள்ளுவதும் ஒரே அளவு. மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலும் விதியில் இரண்டு மின்னூட்டங்களையும் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம். எதை முதலில் எழுதினாலும் பெருக்கற்பலன் ஒன்றுதான். 9 பெருக்கல் 10-இன் அடுக்கு 9 என்ற மாறிலியைப் போட்டால் இரண்டின் மேலும் 0.4 நியூட்டன். நிறை குறைந்தது வேகமாக ஓடலாம், அது வேறு கதை.

இரண்டாவது கேள்விதான் அழகானது. சமன்பாட்டுக்கு முன்னால் கோட்டை வரைந்து மூன்று பகுதிகளாகப் பிரி: பெரியதற்கு வெளிப்பக்கம், நடு, சிறியதற்கு வெளிப்பக்கம். சோதனைக்கு ஒரு நேர்மின்னூட்டத்தை ஒவ்வொரு பகுதியிலும் வைத்து இரண்டு அம்புகளைப் போடு. வெளிப்பக்கங்களில் இரண்டு அம்பும் ஒரே திசையில் போகின்றன. எவ்வளவு தேடினாலும் அங்கே சுழி வராது. நடுவில் மட்டும் அவை எதிரெதிர். ஆக விடை நடுவில், அதிலும் சிறியதற்கு அருகில். இவ்வளவும் ஒரு எண்கூட எழுதாமல் தெரிந்துவிட்டது. இப்போது இருபடிச் சமன்பாடே வேண்டாம், விசை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் வர்க்கமூலம் எடுத்தால் போதும். 4-க்கும் 1-க்கும் வர்க்கமூலம் 2, 1. தூரங்கள் 2-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பெரியதிலிருந்து 20 சென்டிமீட்டர், சிறியதிலிருந்து 10.

உன் சமன்பாடு தந்த இன்னொரு விடை பெரியதிலிருந்து 60 சென்டிமீட்டர், அதாவது சிறியதைத் தாண்டி 30. அங்கே இரண்டு விசைகளும் அளவில் சமம், ஆனால் ஒரே பக்கம் தள்ளுகின்றன. வர்க்கம் எடுத்ததும் திசை தொலைந்துபோனதால் சமன்பாட்டுக்கு அது தெரியவில்லை. அந்த விடையைத் தூக்கிப் போட்டுவிடாதே. சிறிய மின்னூட்டத்தை எதிர்மின்னூட்டமாக மாற்றிப் பார்: அப்போது நடுவில் இரண்டு அம்பும் ஒரே பக்கம், சிறியதற்கு வெளிப்பக்கம் எதிரெதிர். சுழிப்புள்ளி சரியாக அந்த 30 சென்டிமீட்டர் இடத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு கணக்கின் விடையையும் ஒரே சமன்பாடு தந்திருக்கிறது, எது எதற்கு என்பதைப் படம்தான் சொல்கிறது. மூன்றாவது மின்னூட்டம் நேரா எதிரா என்பதால் இடம் மாறாது. இரண்டு அம்பும் சேர்ந்தே திரும்பும்.

கேள்வி: இடி மின்னலின்போது கார் பாதுகாப்பு என்கிறார்களே, ரப்பர் சக்கரத்தாலா?
— ஒரு வாசகர், ஜூரோங்

இல்லை. கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்து வந்த மின்னலுக்குக் கொஞ்சம் ரப்பர் ஒரு தடையா? காப்பாற்றுவது காரின் உலோகக் கூடு. மின்னூட்டம் கூட்டின் வெளிப்பரப்பு வழியாகவே இறங்கிவிடும். 1836-இல் மைக்கேல் ஃபாரடே, உலோகத்தால் போர்த்திய பெரிய பெட்டிக்குள் மின்னளவிக் கருவிகளோடு தானே உட்கார்ந்து இதைக் காட்டினார். வெளியே பொறி பறந்தது, உள்ளே கருவி அசையவில்லை. ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி முழங்கும் ஊரில் இது தெரிந்திருப்பது நல்லது. மோட்டார் சைக்கிளுக்கும் ரப்பர் சக்கரம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அ, ஆ, இ, ஈ என்று ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே ஒரு 6 ஓம் மின்தடை, மொத்தம் மூன்று. அ-வையும் இ-யையும் ஒரு வெற்றுக் கம்பி இணைக்கிறது, ஆ-வையும் ஈ-யையும் இன்னொன்று. அ-வுக்கும் ஈ-க்கும் இடையே 12 வோல்ட் மின்கலம். மூன்றும் வரிசையாக இருப்பதால் 18 ஓம் என்று எழுதினேன். விடை 2 ஓமாம். அச்சுப்பிழையா?
— உயர்நிலை நான்கு மாணவர், புக்கிட் பாஞ்சாங்

அச்சுப்பிழை இல்லை. கண்பிழை. தாளில் ஒரே கோட்டில் நிற்பதெல்லாம் தொடரிணைப்பு ஆகிவிடாது. நடுவில் எங்கும் கிளை பிரியாமல் ஒன்றின் மின்னோட்டம் அப்படியே அடுத்ததில் நுழைந்தால்தான் தொடரிணைப்பு. இங்கே ஆ-விலும் இ-யிலும் கம்பி கிளை பிரிகிறது, அங்கேயே 18 செத்துப்போயிற்று.

இரண்டு வண்ணப் பென்சிலை எடு. மின்கலத்தின் நேர்முனையிலிருந்து தொடங்கி, மின்தடை எதையும் தாண்டாமல் கம்பி வழியாக மட்டும் எங்கெல்லாம் போக முடியுமோ அங்கெல்லாம் சிவப்பு பூசு. அ சிவப்பு, வெற்றுக் கம்பி வழியாக இ-யும் சிவப்பு. இப்போது எதிர்முனையிலிருந்து நீலம். ஈ நீலம், அதோடு இணைந்த ஆ-வும் நீலம். வெற்றுக் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே வோல்ட் வேறுபாடு இல்லை, ஆகவே ஒரே நிறப் புள்ளிகள் எல்லாம் மின்சாரத்துக்கு ஒரே புள்ளிதான்.

அப்புறம் மின்தடைகளைப் பார். முதலாவது சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே. இரண்டாவது நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே. மூன்றாவது மறுபடி சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே. மூன்றுமே அதே இரண்டு நிறங்களுக்கு நடுவில்தான் நிற்கின்றன. மூன்றும் பக்க இணைப்பு. 6-ஐ 3-ஆல் வகுத்தால் 2 ஓம். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 12 வோல்ட், ஒவ்வொன்றிலும் 2 ஆம்பியர், மின்கலம் தருவது 6 ஆம்பியர்.

இதில் எனக்குப் பிடித்த இடம் நடு மின்தடை. சிவப்பு அதன் வலப்பக்கத்தில் இருப்பதால் மின்னோட்டம் அதில் இ-யிலிருந்து ஆ-வுக்கு, பின்னோக்கிப் பாய்கிறது! வெற்றுக் கம்பி ஒவ்வொன்றிலும் 4 ஆம்பியர் ஓடுகிறது, ஏனென்று நீயே கண்டுபிடி. ஆ-வில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கூட்டினால் போதும். குழப்பமாக வரைந்த எந்தச் சுற்றானாலும் முதலில் நிறம் பூசிப் பார். நிறம் பூசியதும் சில மின்தடைகளுக்கு இரு முனையும் ஒரே நிறமாக அமையும். அவற்றில் மின்னோட்டமே இல்லை, அடித்துவிட்டு மேலே போகலாம்.

கேள்வி: 230 வோல்ட்டுக்கான 60 வாட், 40 வாட் இழை விளக்குகள் இரண்டைத் தொடரிணைப்பில் போட்டால் 40 வாட் விளக்கு அதிகமாக ஒளிருமாம். முதல் விளக்கு மின்னோட்டத்தைத் தின்றுவிடுவதாலா?
— உயர்நிலை நான்கு மாணவி, கிளமெண்டி

எந்த விளக்கும் மின்னோட்டத்தைத் தின்னாது. உள்ளே போன அதே ஆம்பியர் வெளியே வரும். வரிசையை மாற்றிப் போட்டாலும் 40 வாட்தான் ஜெயிக்கும். விளக்கின் மேல் எழுதியிருக்கும் வாட், அதற்கு முழு 230 வோல்ட்டும் கிடைத்தால் மட்டுமே உண்மை. வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் மின்தடை: 60 வாட்டுக்கு சுமார் 882 ஓம், 40 வாட்டுக்கு சுமார் 1,323. தொடரிணைப்பில் மின்னோட்டம் பொது, ஆகவே தடை அதிகமுள்ளது அதிக வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், அதிகத் திறனையும். கணக்குப் போட்டால் 40 வாட் விளக்குக்கு 14.4 வாட், 60 வாட் விளக்குக்கு 9.6. நிஜ இழை மங்கலாக எரியும்போது சூடு குறைந்து அதன் தடையும் குறையும், அதனால் எண்கள் மாறும். யார் ஜெயிப்பது என்பது மாறாது. வீட்டில் இருக்கும் எல்இடி விளக்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றை வைத்தும் சரி, வேறு எதை வைத்தும் சரி, வீட்டு மின்சாரத்தில் செய்து பார்க்கக் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டுக் கெட்டில் 2,200 வாட். மகள் கணக்குப் போட்டு 9.6 ஆம்பியர், பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் சரிதான் என்கிறாள். ஃபியூஸ் இருக்கும்போது, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி என்று தனியாக ஒன்று எதற்கு?
— ஒரு தந்தை, தோ பாயோ

மகள் கணக்கு சரி. அதே நீட்டிப்புப் பலகையில் 2,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் சொருகினால் மொத்தம் 18 ஆம்பியரைத் தாண்டும் என்பதையும் அவளையே போடச் சொல்லுங்கள்.

ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பியை, உங்களை அல்ல. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தில் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மனித உடம்புக்கு ஆபத்து ஆம்பியர் கணக்கில் வருவதில்லை, மில்லிஆம்பியர் கணக்கிலேயே வந்துவிடுகிறது. 30 மில்லிஆம்பியர் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்றால், 13 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது தன் அளவில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

ஆர்சிசிபி வேறு கேள்வி கேட்கிறது. லைவ் கம்பியில் போனது எவ்வளவு, நியூட்ரல் கம்பியில் திரும்பியது எவ்வளவு? இரண்டும் சமமாக இருந்தால் எத்தனை ஆம்பியர் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. வித்தியாசம் வந்தால் எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக. வீடுகளுக்கான ஆர்சிசிபி, வித்தியாசம் 30 மில்லிஆம்பியரைத் தொடுவதற்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும்படி அமைந்தது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு கையில் லைவ், மறுகையில் நியூட்ரல் என்று இரண்டையும் தொட்டு, தரைக்குக் கசிவே இல்லையென்றால், போனதும் வந்ததும் சமம். ஆர்சிசிபிக்கு நீங்களும் ஒரு கெட்டில்தான்.

தோ பாயோவில் பழைய வீடுகள் நிறைய என்பதால் சொல்கிறேன். எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி இருக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். பழைய வீடுகளுக்குக் கொடுத்த அவகாசம் 2025 ஜூலை 1-ஓடு முடிந்துவிட்டது. மின்பெட்டியைத் திறந்து பாருங்கள், அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அவ்வப்போது அதை அழுத்துங்கள். சுவிட்ச் டக்கென்று கீழே விழ வேண்டும். விழவில்லையென்றால் நீங்களே திருப்புளியோடு இறங்காமல், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.